வியூகம் வந்த வழி – 14: ஒரு ஹோண்டா, நான்கு கதைகள்

ஹார்வர்டு பிஸினஸ் ஸ்கூல் 1983-ல் இரண்டு கேஸ்களை ஜோடியாக வெளியிட்டது. ஒன்றுக்குப் பெயர் ‘ஹோண்டா – ஏ’. மற்றது ‘ஹோண்டா – பி’. இரண்டிலும் அதே கம்பெனி, அதே அமெரிக்கச் சந்தை, அதே மோட்டார் சைக்கிள், ஏறத்தாழ அதே வருடங்கள். ஆனால் ஏ-யை மட்டும் படித்தவரையும் பி-யை மட்டும் படித்தவரையும் ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால், இருவரும் வெவ்வேறு கம்பெனிகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றே நமக்குத் தோன்றும்.

இதை வைத்து வாத்தியார்கள் ஒரு விளையாட்டு ஆடுவது வழக்கம். முதல் நாள் ஏ-யை மட்டும் கொடுப்பார்கள். மாணவர்கள் ராத்திரி கண்விழித்துப் படித்துவிட்டு வந்து, ஹோண்டாவின் தொலைநோக்கு என்ன, திட்டம் என்ன, எதிராளியை மூலைக்கு மூலை துரத்திய சாமர்த்தியம் என்ன என்று புகழ்ந்து தள்ளுவார்கள். கரும்பலகை முழுக்க அம்புக்குறிகள். மணி அடித்ததும் பி-யைக் கையில் திணித்து அனுப்புவார்கள். மறுநாள் அதே மாணவர்கள் வகுப்புக்கு வரும்போது முகத்தில் ஒரு அசடு வழியும். நேற்று கைதட்டியது எதற்கு என்று அவர்களுக்கே சந்தேகம் வந்திருக்கும்.

சென்ற வாரங்களில் பார்த்தவற்றைக் கொஞ்சம் நினைவுபடுத்திக்கொள்வோம். ஆர்ச் ஷா என்ற சிகாகோ பத்திரிகை முதலாளி 1911 வாக்கில் ஹார்வர்டில் ‘பிஸினஸ் பாலிஸி’ வகுப்புக்கு வித்திட்டார். 1962-ல் ஆல்ஃபிரட் சாண்ட்லர் ட்யூபாண்ட், ஜெனரல் மோட்டார்ஸ், நியூஜெர்ஸியின் ஸ்டாண்டர்ட் ஆயில், சியர்ஸ் ஆகிய நான்கு கம்பெனிகளின் பழைய காகிதங்களைத் தோண்டிப் புத்தகம் போட்டார். வியூகம் பற்றிய புத்தகங்களோடு 1965-ல் ஆன்ஸாஃபும் 1980-ல் போர்ட்டரும் வந்தார்கள். இந்தக் கதைகள் எல்லாவற்றுக்கும் ஒரே கதாநாயகன்தான்: பெரிய கம்பெனியின் மேல்மாடியில், பெரிய மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து யோசிக்கிற மனிதர். முதல் போட்டு, கடை திறந்து, கைகாலை உதைத்துக்கொள்கிற ஆள் பாடத்திட்டத்துக்குள் அதிகம் தலைகாட்டியதில்லை. இந்த வாரம் அவன் வருகிறான். வாடகை வீட்டுத் தரையில் படுத்துத் தூங்கிக்கொண்டிருக்கிறான்.

அவனை எழுப்புவதற்கு முன் ஏ கதையைச் சொல்லிவிடுகிறேன்.

ட்ரையம்ஃப், பிஎஸ்ஏ, நார்ட்டன். ஒரு காலத்தில் இந்தப் பெயர்களைச் சொன்னாலே மோட்டார் சைக்கிள் பிரியர்கள் எழுந்து நிற்பார்கள். அமெரிக்கச் சந்தையில் 1959-ல் பிரிட்டிஷ் வண்டிகளுக்கு 49 சதவீதப் பங்கு. 1973-ல் அது 9 சதவீதம் என்பது எல்லோரும் எடுத்தாளும் கணக்கு. பதினான்கே வருடங்களில் ஒரு தொழிலே சரிந்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், அரசாங்கம் மானியம் கொடுத்துப் பார்த்தது, முடியவில்லை. கடைசியில் பிரிட்டிஷ் அரசு ஒரு ஆலோசனைக் கம்பெனியைக் கூப்பிட்டு, இந்தத் தொழிலை என்ன செய்வது என்று கேட்டது. அறிக்கை 1975 ஜூலையில் வந்தது. எழுதியது பாஸ்டன் கன்சல்டிங் குரூப். சுருக்கமாக பிசிஜி.

(இந்தச் சரிவில் நமக்கும் ஒரு கிளைக்கதை உண்டு. ராயல் என்ஃபீல்டு என்ற பிரிட்டிஷ் கம்பெனி 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. தாய்க் கம்பெனி 1970 வாக்கில் இங்கிலாந்தில் கதவைச் சாத்தியது. திருவொற்றியூரில் புல்லட் தயாராவது நிற்கவில்லை. 1977-ல் இங்கிருந்து பிரிட்டனுக்கே ஏற்றுமதி தொடங்கியது. எந்த கேஸிலும் இது இல்லை. இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.)

பிசிஜி-யைத் தொடங்கியவர் புரூஸ் ஹெண்டர்சன். 1963-ல் பாஸ்டனில் ஒரு வங்கியின் கிளைத் தொழிலாக, ஒரே ஆளாக ஆரம்பித்தார். முதல் மாத வரும்படி 500 டாலர். சில வருடங்களுக்குள் அவர் கையில் ஒரு வலுவான ஆயுதம் இருந்தது: அனுபவ வளைகோடு. ஒரு பொருளை இதுவரை மொத்தம் எவ்வளவு செய்திருக்கிறோமோ அது இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும், ஒரு பொருளுக்கு ஆகும் அடக்கச் செலவு 20 முதல் 30 சதவீதம் குறையும் என்பது அதன் சாரம். கல்யாணச் சமையல்காரர்களைப் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. முதல் பந்திக்கு லட்டு பிடிக்கிற கையும் ஐம்பதாவது கல்யாணத்தில் லட்டு பிடிக்கிற கையும் ஒன்றல்ல. மாவு சிந்துவதில்லை, அளவு பிசகுவதில்லை, ஆள் குறைவாகப் போதும். ஹெண்டர்சன் இதை வரைபடத் தாளில் கோடாகப் போட்டு முதலாளிகளிடம் விற்றார். யார் அதிகம் செய்கிறாரோ அவருக்கே அடக்கவிலை குறைவு. ஆகவே பங்கைப் பிடி, முதலில் பிடி.

அந்தக் கண்ணாடி வழியாக ஹோண்டாவைப் பார்த்தால் படம் பளிச்சென்று தெரிகிறது. ஜப்பானில் உள்நாட்டிலேயே சின்ன மோட்டார் சைக்கிள்களை லட்சக்கணக்கில் விற்றார்கள். அதனால் அடக்கவிலை இறங்கியது. குறைந்த விலையோடு அமெரிக்காவில் சின்ன வண்டியில் நுழைந்தார்கள். பிரிட்டிஷ்காரர்கள் சின்ன வண்டியை விட்டுக்கொடுத்தார்கள். சின்ன வண்டியில் ஓட்டப் பழகுகிறவன் நாளைக்குப் பெரிய வண்டி வாங்க நம்மிடம்தானே வரவேண்டும் என்று அவர்கள் கணக்குப் போட்டதுகூட உண்டு. வந்தது ஜப்பானின் அடுத்த அளவு வண்டி. அதையும் விட்டுக்கொடுத்து ஒரு படி மேலே ஏறினார்கள். மறுபடி ஒரு படி. பிறகு ஏறுவதற்குப் படியே இல்லை. அமெரிக்காவில் ஹோண்டாவின் விற்பனை 1960-ல் 5 லட்சம் டாலர். 1965-ல் 7 கோடியே 70 லட்சம் டாலர்.

அப்பழுக்கில்லாத கதை. காரணம், காரியம், விளைவு மூன்றும் வரிசையாக நிற்கின்றன. பிஸினஸ் ஸ்கூல்களில் இது காட்டுத்தீபோல் பரவியதில் வியப்பில்லை. பாடம் நடத்த இதைவிடத் தோதான கதை கிடைக்காது.

ரிச்சர்ட் பாஸ்கல் அப்போது ஸ்டான்ஃபோர்டு பிஸினஸ் ஸ்கூலில் வாத்தியார். ஜப்பானிய நிர்வாகம் பற்றி ஏதோஸ் என்பவரோடு சேர்ந்து 1981-ல் ஒரு புத்தகம் எழுதிப் பெயர் வாங்கியிருந்தார். அவருக்குத் தோன்றியது மிகச் சாதாரணமான ஒரு யோசனை. இத்தனை பேர் இத்தனை பக்கம் எழுதியிருக்கிறார்களே, அந்த வேலையைச் செய்தவர்களை யாராவது கேட்டார்களா? 1982 செப்டம்பர் 10 அன்று டோக்கியோவில் ஹோண்டா தலைமை அலுவலகத்தில், 1959-ல் அமெரிக்காவுக்குப் போன முயற்சியில் பொறுப்பிலிருந்த ஆறு பேர் அவர் கேட்டுக்கொண்டபடி ஒன்றாக உட்கார்ந்தார்கள். அவர்கள் சொன்னதுதான் பி கதை.

ஹோண்டா கம்பெனியில் இரட்டையர் ஆட்சி. சொய்ச்சிரோ ஹோண்டா கொல்லர் மகன், எஞ்சின் பைத்தியம், பந்தயப் பைத்தியம். டக்கேயோ ஃபுஜிஸவா 1949-ல் வந்து சேர்ந்தவர். பணப்பெட்டியும் விற்பனையும் அவர் பொறுப்பு. 1958-ல் வெளிவந்த 50 சிசி சூப்பர் கப் வண்டிக்கு ஃபுஜிஸவா போட்ட நிபந்தனை பிரசித்தம். நூடுல்ஸ் கடைப் பையன் ஒரு கையில் தட்டை ஏந்திக்கொண்டே மறு கையால் ஓட்ட முடிய வேண்டும். ஆகவே இடது கைக்கு கிளட்ச் கிடையாது. வண்டி ஜப்பானில் பிய்த்துக்கொண்டு போனது. 1959-ல் ஹோண்டா விற்ற 2,85,000 வண்டிகளில் 1,68,000 சூப்பர் கப்.

அமெரிக்காவுக்குப் போகிற பொறுப்பு கிஹாச்சிரோ கவாஷிமா என்ற விற்பனை அதிகாரியிடம் வந்தது. முதலில் ஊரைப் பார்த்துவர ஒரு பயணம். இவ்வளவு பெரிய, இவ்வளவு பணக்கார நாட்டோடு போர் தொடுக்க நமக்கு என்ன புத்தி கெட்டதனம் என்பதுதான் தன் முதல் எண்ணம் என்று அவர் பாஸ்கலிடம் நினைவுகூர்ந்தார். ஆங்கிலம் தட்டுத்தடுமாறி வந்தது. மோட்டார் சைக்கிள் டீலர்கள் இவரை மதித்துப் பேசவில்லை. ஊர் திரும்பி, இறக்குமதி வண்டிச் சந்தையில் 10 சதவீதம் பிடிக்கலாம் என்று ஃபுஜிஸவாவிடம் சொன்னார். லாபம் எப்போது வரும், எத்தனை வருடம் ஆகும் என்று எதுவும் ஃபுஜிஸவா கேட்கவில்லையாம். உன்னால்தான் முடியும் என்று சொல்லி 10 லட்சம் டாலருக்குச் சம்மதித்தார்.

அது கம்பெனியின் சம்மதம். டாலர் கொடுக்க வேண்டியது ஜப்பானிய நிதி அமைச்சகம். அதற்கு முந்தைய வருடம்தான் டொயோட்டா அமெரிக்காவில் கார் விற்கப் போய்க் கையைச் சுட்டுக்கொண்டிருந்தது. கார்க்காரனாலேயே முடியாதது உன்னாலா என்பது அதிகாரிகளின் பார்வை. மாதக்கணக்கில் அலையவிட்டு 2,50,000 டாலருக்கு அனுமதி கொடுத்தார்கள். அதிலும் ரொக்கமாக எடுத்துப்போகக் கூடியது 1,10,000 டாலர்தான். மீதி வண்டியாகவும் உதிரி பாகமாகவும் போக வேண்டும்.

என்ன வண்டி எடுத்துப்போவது? 50, 125, 250, 305 சிசி என்று நான்கு வகை. நான்கிலும் கால் கால் பங்கு. எந்த ஆராய்ச்சியும் இல்லை. வீட்டில் நாலு பிள்ளைக்குத் தோசையைப் பிட்டுப் போடுகிற மாதிரி. ஆனால் நம்பிக்கை முழுக்கப் பெரிய வண்டிகள் மேல். 250-க்கும் 305-க்கும் கைப்பிடி புத்தரின் புருவம்போல வளைந்திருக்கிறது, அதுவே வண்டியை விற்றுக்கொடுக்கும் என்று சொய்ச்சிரோ ஹோண்டா உறுதியாக நம்பினார். இந்த இடத்தில் நான் படிப்பதை நிறுத்திச் சிரித்தேன். அனுபவ வளைகோடு எங்கே, புத்தர் புருவம் எங்கே!

கவாஷிமாவும் சகாக்களும் லாஸ் ஏஞ்சல்ஸில் இறங்கினார்கள். மாதம் 80 டாலர் வாடகையில் ஒரு வீடு. கட்டில் போதாமல் இரண்டு பேர் தரையில் படுத்தார்கள். ஊரின் அழுக்கடைந்த பகுதியில் ஒரு கிடங்கு. வண்டிப் பெட்டிகளை மூன்றடுக்காகக் கையாலேயே தூக்கி அடுக்கினார்கள். தரையைக் கூட்டினார்கள். உதிரி பாகம் போட்டுவைக்கத் தொட்டிகளைத் தாங்களே செய்தார்கள். அமெரிக்காவில் மோட்டார் சைக்கிள் விற்பது ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரைதான். இவர்கள் போய்ச் சேர்ந்தபோது அந்த வருடத்து சீசன் முடிகிற தறுவாய். யாரும் இதைச் சொல்லவில்லை, இவர்களுக்கும் தெரியாது. முதல் வருடம் முழுக்க இருட்டில் துழாவினோம் என்பதே கவாஷிமாவின் வாக்குமூலம்.

1960 வசந்தத்தில் நாற்பது டீலர்கள் சேர்ந்தார்கள். பெரிய வண்டிகள் ஒன்றிரண்டாக நகர ஆரம்பித்தன. ஏப்ரலில் இடி விழுந்தது. வண்டிகளில் எண்ணெய் ஒழுகுகிறது, கிளட்ச் போகிறது என்று புகார்கள். அமெரிக்கச் சாலைகளில் ஜப்பானில் ஓட்டுவதைவிட அதிக தூரம், அதிக வேகத்தில் ஓட்டுகிறார்கள், எஞ்சின் தாங்கவில்லை. கையிலிருந்த கொஞ்சநஞ்ச ரொக்கத்தையும் செலவழித்துப் பழுதான வண்டிகளை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பினார்கள். பரிசோதனைக்கூடத்தில் இரவு பகலாக எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்து, ஒரே மாதத்தில் சிலிண்டர் தலைக்கான கேஸ்கெட்டையும் கிளட்ச் ஸ்பிரிங்கையும் மாற்றி வடிவமைத்துச் சரிசெய்தார்கள். ஆனால் அந்த ஒரு மாதத்துக்கு விற்க எதுவும் இல்லை.

எதுவும் இல்லை என்று சொல்லக் கூடாது. சூப்பர் கப் இருந்தது. கிட்டத்தட்ட எட்டு மாதமாக அதை விற்க முயற்சியே செய்யவில்லை. அமெரிக்காவில் எல்லாமே பெரிது. தோல் ஜாக்கெட் போட்ட முரட்டு ஆட்கள் ஏறும் சந்தையில் இந்தப் பொடி வண்டியைக் காட்டினால் கம்பெனிப் பெயரே கெட்டுவிடும் என்ற பயம். தாங்கள் மட்டும் கடை கண்ணிக்குப் போகவர அதை வைத்துக்கொண்டார்கள். தெருவில் போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். இது என்ன வண்டி, எங்கே கிடைக்கும் என்று கேட்டார்கள். ஒரு நாள் சியர்ஸ் கம்பெனியின் கொள்முதல் அதிகாரி ஒருவரே தொலைபேசியில் கூப்பிட்டார். அப்போதும் மனசில்லை. பெரிய வண்டி படுத்த பிறகுதான், வேறு வழியில்லாமல், சின்ன வண்டியை வெளியே விட்டார்கள். அதை வாங்கி விற்க முன்வந்தவர்கள் மோட்டார் சைக்கிள் டீலர்கள்கூட இல்லை. விளையாட்டுச் சாமான் கடைக்காரர்கள்.

1963-ல் ஹோண்டாவைப் பிரபலமாக்கிய விளம்பரம், ஹோண்டாவில் போகிறவர்கள் எல்லாம் நல்ல மனிதர்கள் என்று சொன்ன அந்த விளம்பரம், லாஸ் ஏஞ்சல்ஸ் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவர் வகுப்புப் பாடத்துக்காகச் செய்த பயிற்சி. ஆசிரியர் தட்டிக்கொடுக்க, அது ஒரு விளம்பரக் கம்பெனிக்குப் போய், அங்கிருந்து ஹோண்டாவுக்கு வந்தது. அதை ஏற்பதா வேண்டாமா என்று ஹோண்டாவுக்குள்ளேயே சண்டை. 1964-ல் அமெரிக்காவில் விற்ற மோட்டார் சைக்கிள்களில் ஏறக்குறைய இரண்டுக்கு ஒன்று ஹோண்டா.

பாஸ்கல் இதை 1984-ல் ‘கலிஃபோர்னியா மேனேஜ்மென்ட் ரிவ்யூ’ இதழில் எழுதினார். மேற்கத்திய வாத்தியார்களும் ஆலோசகர்களும் எந்த வெற்றியைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு முழுமையான திட்டம் இருந்ததாகக் கற்பித்துக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். அந்தச் சுபாவத்துக்கு ‘ஹோண்டா விளைவு’ என்றே பெயர் வைத்தார். மாண்ட்ரியலில் நிர்வாகவியல் பேராசிரியராக இருந்த ஹென்றி மின்ட்ஸ்பெர்குக்கு இது கரும்பு தின்னக் கூலி. வியூகம் வகுக்கப்படுவதில்லை, பல நேரம் வேலையின் ஊடே தானாக முளைக்கிறது என்று அவர் 1970-களிலிருந்தே சொல்லிவந்தார். 1990-91-ல் அவரும் ஆன்ஸாஃபும் ஓர் ஆராய்ச்சி இதழில் நேருக்கு நேர் மோதியபோது, ஹோண்டாவும் சாட்சிக் கூண்டில் ஏறியது.

இதற்குள் மூன்றாவது கதை தயாராகிவிட்டது. எழுதியவர்களில் ஒருவர் நம் கோயம்புத்தூரில் 1941-ல் பிறந்த சி.கே. பிரஹலாத். சென்னை லயோலாவில் இயற்பியல், யூனியன் கார்பைடில் வேலை, அகமதாபாத் ஐஐஎம்-மில் படிப்பு, ஹார்வர்டில் முனைவர் பட்டம், பிறகு மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். அவரும் கேரி ஹேமலும் 1990-ல் ‘ஹார்வர்டு பிஸினஸ் ரிவ்யூ’வில் எழுதிய கட்டுரைக்கு மரம்தான் உவமை. கடையில் நாம் பார்க்கும் சரக்குகள் இலையும் கனியும். கம்பெனியின் மூலத்திறன் வேர். ஹோண்டாவின் வேர் எஞ்சின் என்றார்கள். மோட்டார் சைக்கிள், கார், புல்வெட்டும் இயந்திரம், ஜெனரேட்டர் எல்லாம் அந்த ஒரே வேரிலிருந்து கிளம்பியவை.

அதோடு முடிந்ததா? 1992-ல் அதே இதழில் ஸ்டாக், எவன்ஸ், ஷுல்மன் என்ற மூவர் எழுதினார்கள்: எஞ்சின் மட்டும் போதாது, ஹோண்டாவின் உண்மையான பலம் டீலர்களைத் தயார் செய்த முறை. பொழுதுபோக்காகக் கடை வைத்திருந்தவர்களுக்குச் சரக்கு வைப்பது, விற்பது, பழுது பார்ப்பது எல்லாவற்றையும் கற்றுக்கொடுத்து வியாபாரிகளாக்கினார்கள் என்பது நான்காவது கதை. இதில் வேடிக்கை, மூவரும் பிசிஜி ஆட்கள். பதினேழு வருடம் முன்பு அனுபவ வளைகோட்டை வைத்து முதல் கதை சொன்ன அதே கம்பெனி.

1996-ல் ‘கலிஃபோர்னியா மேனேஜ்மென்ட் ரிவ்யூ’ எல்லோரையும் கூப்பிட்டு மறுபடி பேசவைத்தது. பழைய பிசிஜி அறிக்கையில் வேலை செய்த மைக்கேல் கூல்ட் அதில் சொன்ன பதில் நியாயமானது. பிரிட்டிஷ் அரசு எங்களைக் கேட்டது ஹோண்டா எப்படி இங்கே வந்து சேர்ந்தது என்றல்ல; இப்போது என்ன செய்வது என்று. நீச்சல் தெரியாமல் கிணற்றில் விழுந்தவனிடம் போய், விழுந்த விதத்தை ஆராய்வதில் பயனில்லை. மின்ட்ஸ்பெர்க் விடவில்லை. இப்படி உட்கார்ந்து அலசி என்ன கிடைத்தது, தொழில் பிழைத்ததா என்று திருப்பிக் கேட்டார்.

என் கட்சி எது என்று கேட்டால், பி-யின் பக்கம் சாய்கிறேன். முழுக்க அல்ல. அந்த ஆறு பேரும் பேசியது 23 வருடம் கழித்து. ஜெயித்தவர்கள் தங்கள் அசட்டுத்தனத்தைச் சொல்லிச் சிரிப்பது சுலபம். தோற்றவனுக்கு அந்த வசதி இல்லை. இன்னொன்று, 1960-ல் சுஸுகா என்ற இடத்தில் ஹோண்டா திறந்த ஆலை மாதம் 30,000 வண்டி செய்யக்கூடியது. தெருவில் யாரோ நின்று விசாரித்ததும் கப்பல் கப்பலாக அனுப்ப வண்டி இருந்ததே, அது தற்செயல் இல்லை. பழுதான எஞ்சினை ஒரு மாதத்தில் சரிசெய்ய முடிந்ததும், பிரிட்டனுக்குப் பக்கத்து மான் தீவில் (Isle of Man) நடக்கும் மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் ஜெயித்தே தீருவேன் என்று சொய்ச்சிரோ வருடக்கணக்காக எஞ்சினைக் குடைந்ததன் பலன். எந்த வண்டி அமெரிக்காவில் ஓடும் என்பதை மட்டும் அவர்கள் கணிக்கவில்லை. லாஸ் ஏஞ்சல்ஸ் தெரு அதைச் சொல்லிக்கொடுத்தது.

பிஸினஸ் ஸ்கூல்களுக்கு இதனால் ஒரு தலைவலி வந்தது. வியூகம் என்று வகுப்பு நடத்துகிற நாம், அந்த 80 டாலர் வீட்டில் நடந்ததை எந்தப் பாடத்தில் சேர்ப்பது? ஹார்வர்டில் தொழில்முனைவுக்கு என்று வகுப்பு இல்லாமல் இல்லை. 1947-லேயே மைல்ஸ் மேஸ் என்ற பேராசிரியர் புதிய தொழில்களை நடத்துவது பற்றி ஒரு வகுப்பைத் தொடங்க, போர்க்களத்திலிருந்து திரும்பியவர்கள் உட்பட 188 பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஆனால் அடுத்த முப்பது வருடமும் அந்தப் பாடம் திண்ணையில்தான் இருந்தது, கூடத்துக்குள் விடவில்லை. நல்ல ஆராய்ச்சியாளர்கள் அந்தப் பக்கம் போனால் பதவி உயர்வு போய்விடும் என்று பயந்தார்கள்.

நிலைமை மாறத் தொடங்கியது 1980-களில். ஆர்தர் ராக், ஃபயஸ் சரோஃபிம் என்ற 1951-ஆம் வருடத்து வகுப்புத் தோழர்கள் இருவர் பணம் கொடுத்துத் தொழில்முனைவுக்கென்று ஒரு பேராசிரியர் இருக்கை ஏற்படுத்த, ஹோவர்டு ஸ்டீவன்சன் 1982-ல் அதில் வந்து அமர்ந்தார். மறு வருடம், ஹோண்டா கேஸ்கள் வெளிவந்த அதே 1983-ல், அவர் ஒரு குறிப்பு எழுதினார். தொழில்முனைவு என்பது ஒரு மனிதரின் குணம் அல்ல, நிர்வாகம் செய்யும் ஒரு விதம். கையில் இருப்பது எவ்வளவு என்று பார்த்துத் தயங்காமல் வாய்ப்பைத் துரத்துவது என்று அதில் வரையறுத்தார். கவாஷிமாவின் 1,10,000 டாலரை மனதில் வைத்துப் படித்தால் அந்த வரையறை இன்னும் நன்றாகப் புரிகிறது.

ஸ்டீவன்சன் வரையறுத்ததைக் கிட்டே போய்ப் பார்த்தவர் சரஸ் சரஸ்வதி. இந்தியாவில் தொழில் செய்து பார்த்துவிட்டுக் கார்னகி மெலனில் நோபல் பரிசு பெற்ற ஹெர்பர்ட் சைமனிடம் ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்தவர். கம்பெனி தொடங்கி வளர்த்த 27 பேரைத் தேடிப் போனார். விற்றுமுதல் 20 கோடி டாலரிலிருந்து 650 கோடி டாலர் வரை உள்ள கம்பெனிகள். ஒவ்வொருவர் முன்னாலும் இல்லாத ஒரு கம்பெனியின் பிரச்சினைகளை வைத்து, யோசிப்பதை யோசிக்கும்போதே வாய்விட்டுச் சொல்லுங்கள் என்றார். எல்லாவற்றையும் பதிவு செய்தார். பலர் சந்தை ஆராய்ச்சியை நம்பவில்லை. கையில் என்ன இருக்கிறது, யாரைத் தெரியும், எவ்வளவு போனால் தாங்கும் என்பதிலிருந்துதான் ஆரம்பித்தார்கள். 2001-ல் வந்த அவர் கட்டுரையில் சமையல்தான் உதாரணம்: பட்டியலைக் கையில் கொடுத்துச் சாமான் வாங்கிச் சமைப்பது ஒன்று, அலமாரியைத் திறந்து இருப்பதை வைத்துச் சமைப்பது இன்னொன்று. எதிர்பாராமல் விருந்தாளி வந்த வீடுகளில் நடப்பதை ஆராய்ச்சி இதழில் ஏற்ற ஒரு பெண் வரவேண்டியிருந்தது. அவருடைய வேலையைப் பற்றி விரிவாகப் பின்னால் ஒரு வாரம் எழுதுகிறேன்.

இப்போதைக்கு வாசகர்களிடம் ஒன்று கேட்கத் தோன்றுகிறது. பாஸ்கல் போய்க் கேட்டபோது அந்த ஆறு பேரும் உயிரோடு இருந்தார்கள். கேட்டதும் உட்கார்ந்து, எண்ணெய் ஒழுகியதையும் சேர்த்தே சொன்னார்கள். கேட்காமல் விட்டிருந்தால் ஏ கதை மட்டும்தான் மிஞ்சியிருக்கும். சிவகாசியிலும் திருப்பூரிலும் கோயம்புத்தூரிலும் கரூரிலும் முதல் தலைமுறையாகத் தொழில் தொடங்கிய பெரியவர்கள் எண்பதைத் தாண்டிக்கொண்டிருக்கிறார்கள். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், விருது விழா மலருக்கு எழுதிக்கொடுத்த வரலாறு வேண்டாம். முதல் கடைக்கு என்ன வாடகை, முதல் சரக்கு ஏன் திரும்பி வந்தது, கடன் கொடுத்தது யார், விற்காது என்று ஒதுக்கிவைத்த பொருள் எது என்று கேளுங்கள். செல்போனில் பதிவு செய்தால் போதும். இந்த வாரமே கேட்டுவிடுங்கள்.

(தொடரும்)